ஊசிக் காது ஏன் மறைகிறது?



ஒரு கிராமத்து வீடு. சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். மகளின் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது. அம்மா ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வருகிறார். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் கோக்கப் பார்க்கிறார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறதே தவிர, காதுக்குள் போகவில்லை.

"என்னங்க, இந்த ஊசியில காதே இல்லீங்க போல."

"எல்லாம் இருக்கு. உனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு" என்கிறார் கணவர்.

அவர் கையில் பூச்சிமருந்து பாட்டில். ஒரு டேங்க் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று அதன் சீட்டில் அச்சடித்திருக்கிறது. அவர் கையை நீட்டி, பாட்டிலைத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறார். "எதுக்குத்தான் இவ்வளவு பொடிசா அச்சடிக்கிறாங்களோ!" என்று அலுத்துக்கொண்டு, குத்துமதிப்பாக மருந்தை ஊற்றுகிறார்.

அவருக்கு வயது 46. மனைவிக்கு 42. ஊசியின் மேலும் குற்றமில்லை, அச்சடித்தவர் மேலும் குற்றமில்லை. இருவருக்கும் வந்திருப்பது ஒன்றுதான். நம் பெரியவர்கள் அதற்கு வெள்ளெழுத்து என்று பெயர் வைத்தார்கள். சாளேசுவரம் என்றும் சொல்வதுண்டு.

இது நோய் அல்ல. தலை நரைப்பதுபோல எல்லோருக்கும் வருவது. ஆனால் தலை நரைப்பதால் மருந்தின் அளவு தப்பாது. வெள்ளெழுத்தால் தப்பும். ஆகவே இதைப் பற்றி நீங்கள் இருவரும் அறிந்துகொள்வது அவசியம்.

கண் எப்படிக் கிட்டத்தையும் எட்டத்தையும் பார்க்கிறது?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல வளைந்த தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. இதைக் கருவிழிப் படலம் என்பார்கள். அதன் பின்னால், வெளிச்சம் உள்ளே போகும் துவாரமாகிய கண்பாவை. கண்பாவைக்குப் பின்னால், பெரிய துவரம்பருப்பு போன்ற வடிவில் தெளிந்த வில்லை ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், சினிமாத் திரை போல விழித்திரை. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் விழித்திரையின் மேல் கூராக வந்து விழுந்தால்தான் பார்வை தெளிவாக இருக்கும்.

வெளிச்சத்தை வளைத்துக் கூட்டும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிப் படலம் செய்கிறது. மீதியை வில்லை செய்கிறது. ஆனால் படலத்தின் வளைவு மாறாது. தூரத்துப் பனைமரத்தைப் பார்த்துவிட்டு உடனே கையிலுள்ள ரூபாய் நோட்டைப் பார்க்கிறீர்களே, அப்போது கண்ணுக்குள் மாறிக்கொள்வது வில்லைதான்.

அது எப்படி? வில்லையைச் சுற்றி வளையம் போல ஒரு தசை இருக்கிறது. அந்த வளையத்திலிருந்து மெல்லிய இழைகள் வந்து வில்லையை நாலா பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது தசை ஓய்வாக இருக்கும். வளையம் விரிந்து, இழைகள் விறைப்பாகி, வில்லை தட்டையாகிவிடும். நாலு பேர் நாலு மூலையில் இழுத்துப் பிடித்த ஜமுக்காளத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்குகிறது. வளையம் உள்ளே நெருங்கி வருகிறது. இழைகள் தளர்கின்றன. இழுப்பு விட்டதும் வில்லை தன் இயல்பிலேயே உப்பிக்கொள்கிறது. உப்பிய வில்லை வெளிச்சத்தை அதிகமாக வளைக்கும். கிட்டத்துப் பொருள் தெளிவாகிவிடும்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். எட்டப் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. கிட்டப் பார்ப்பதுதான் உழைப்பு. பூக்கட்டும்போதும், தறியில் இருக்கும்போதும், கைபேசி பார்க்கும்போதும் இடையிடையே தலை நிமிர்ந்து தூரத்துத் தோப்பைப் பார்ப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கண்ணுக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

"உயிரோடிருக்கும் மனிதனின் கண்ணுக்குள் நடப்பதை எப்படிப் பார்த்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீருக்குள் எல்லாம் கலங்கலாகத் தெரியும். தண்ணீர் படலத்தைத் தொட்டவுடன் படலத்தின் வளைக்கும் சக்தி ஏறக்குறைய போய்விடுகிறது. இங்கிலாந்தில் தாமஸ் யங் என்ற மருத்துவர் இதையே சோதனையாகச் செய்தார். தண்ணீர் நிரப்பிய சிறு குழாயைத் தம் கண்ணிலேயே பொருத்திக்கொண்டார். படலத்தின் வேலை போன பிறகும், குழாயின் முனையில் வைத்த கண்ணாடி வில்லையின் வழியாக அவரால் கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் பார்வையை மாற்ற முடிந்தது. ஆகவே மாறுவது படலம் அல்ல, உள்ளே இருக்கும் வில்லையே என்று 1801இல் எழுதி வெளியிட்டார்.

பிறகு மெழுகுவர்த்தி வந்தது. இருட்டறையில் ஒருவர் கண்ணுக்குப் பக்கவாட்டில் சுடரைப் பிடித்தால், அந்தச் சுடரின் பிம்பங்கள் கண்ணுக்குள் தெரியும். படலத்தில் ஒன்று, வில்லையின் முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் தலைகீழாக ஒன்று. அவர் கிட்டத்தில் பார்க்கும்போது, வில்லையின் முன்பக்கத்துப் பிம்பம் சிறியதாகிறது. எவர்சில்வர் தட்டில் உங்கள் முகத்தைப் பாருங்கள். பிறகு உருண்டைச் சொம்பில் பாருங்கள். சொம்பில் முகம் சிறுத்துத் தெரியும். உப்பிய பரப்பில் பிம்பம் சிறுக்கும். இதைக் கொண்டு ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர், கிட்டப் பார்க்கும்போது வில்லை உப்புகிறது என்று 1855இல் விளக்கினார். மேலே நாம் சொன்ன தசை, இழை, வில்லைக் கதை அவர் சொன்னதுதான்.

பிற்காலத்தில் படம் எடுக்கும் கருவிகள் வந்தன. வயிற்றுப் பிள்ளையை ஒலியலையால் படம் பிடிக்கும் ஸ்கேனை நீங்கள் அறிவீர்கள். அதைவிட மிக நுண்ணிய ஒலியலையால் கண்ணின் முன்பகுதியைப் படம் பிடிக்கும் முறை 1990ஆம் ஆண்டு வாக்கில் கனடாவில் வந்தது. 1991இல் அமெரிக்காவில் ஓ.சி.டி. என்ற ஒளிப்படக் கருவியைப் பற்றி அறிவித்தார்கள். இது கண்ணைத் தொடாமல் வெளிச்சத்தாலேயே உட்பகுதியை அடுக்கடுக்காகக் காட்டும். கத்தியில்லாமல் கண்ணைக் குறுக்கே அரிந்து பார்ப்பது போல. இப்போது இதன் உதவியால், பார்வை மாறும் அதே நேரத்தில் வில்லை உப்புவதைக் காணலாம். ஆனால் கண்பாவையைச் சுற்றியுள்ள கறுத்த திரையை வெளிச்சம் தாண்டாது. அதன் மறைவில் இருக்கும் தசையையும் வில்லையின் ஓரத்தையும் முழுமையாகக் காண எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஸ்கேன் உதவியது.

1999இல் அமெரிக்காவில் சூசன் ஸ்ட்ரெங்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 22 வயது முதல் 83 வயது வரை உள்ளவர்களின் கண்களை இப்படிப் படம் எடுத்தார்கள். வயதானவர்களின் கண்ணில் தசை ஓய்ந்துபோயிருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். படத்தில் கண்டது வேறு. முதியவர்களின் தசையும் கிட்டப் பார்க்க முயலும்போது சுருங்கி வேலை செய்தது. உப்ப மறுத்தது வில்லைதான்.

மாடு இழுக்கிறது, வண்டி நகரவில்லை என்றால் மாட்டை அடித்துப் பயன் உண்டா? சக்கரம் இறுகிப்போனதைத்தான் பார்க்க வேண்டும்.

வில்லை ஏன் இறுகுகிறது?

தோல் தேய்ந்து உதிரும், நகத்தை வெட்டுகிறோம், முடி கொட்டுகிறது. வில்லையில் அப்படி உதிர்வது எதுவும் இல்லை. பிறந்தது முதல் புதிய இழைகள் வெளிப்பக்கம் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வெங்காயத்தின் அடுக்குகள் போலப் பழையவை உள்ளே நெருக்கப்பட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படி ஆண்டுக்கு ஆண்டு வில்லை தடித்து இறுகுகிறது. இளநீர் வழுக்கையாக இருந்தது முற்றிய தேங்காய்ப் பருப்பாவது போல.

இது 40 வயதில் திடீரென்று நடப்பதல்ல. சிறு பிள்ளையிலிருந்தே நடக்கிறது. தூரப்பார்வையில் குறையில்லாத ஒருவர் எவ்வளவு கிட்டத்தில் எழுத்தைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதற்குச் சராசரிக் கணக்கு ஒன்று உண்டு:

10 வயதில் — சுமார் 7 செ.மீ. (நாலு விரற்கடை)
20 வயதில் — சுமார் 10 செ.மீ.
30 வயதில் — சுமார் 14 செ.மீ.
40 வயதில் — சுமார் 22 செ.மீ. (ஒரு சாண்)
50 வயதில் — சுமார் 40 செ.மீ. (ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு)
60 வயதில் — சுமார் 1 மீட்டர் (கையை நீட்டினாலும் எட்டாது)

நாம் படிப்பதும் தைப்பதும் ஒன்றரைச் சாண் தூரத்தில். ஒரு சாண் வரை தெளிவாகத் தெரிகிறவரை தொல்லை தோன்றாது. அது ஒன்றரைச் சாணைத் தாண்டும்போதுதான் ஊசிக் காது மறைகிறது. பிறகு பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம். கடைசியில் கை போதவில்லை.

வீட்டில் ஒரு சோதனை

ஒரு தடித்த அட்டையில் ஊசியால் சிறு துளை போடுங்கள். கலங்கித் தெரியும் எழுத்தை, நல்ல வெளிச்சத்தில், கண்ணோடு ஒட்டிப் பிடித்த அந்தத் துளையின் வழியாகப் பாருங்கள். எழுத்து தெளிந்துவிட்டால், வெளிச்சம் கூராக விழாததே உங்கள் குறை. பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும். துளை வழியாகவும் தெளியவில்லை என்றால் வேறு கோளாறு இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகல் வெயிலில் படிக்க முடிவதும், விளக்கு வெளிச்சத்தில் முடியாமல் போவதும் இதே காரணத்தால்தான். வெயிலில் கண்பாவை சுருங்கிச் சிறு துளையாகிறது. மங்கலில் விரிந்துவிடுகிறது.

உங்கள் சந்தேகங்களும் எங்கள் பதில்களும்

*"கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகும்னு சொல்றாங்களே?"*

இல்லை. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகத்தான் செய்யும். வில்லை செய்ய முடியாத வேலையைக் கண்ணாடி செய்து கொடுக்கிறது. அவ்வளவுதான். முதலில் ஒன்று பவரில் தொடங்கி, 60 வயதுக்குள் இரண்டரை வரை போவது வழக்கம். அதன் பிறகு பெரிய மாறுதல் இராது.

*"கண்ணுக்குப் பயிற்சி செஞ்சா சரியாகாதா? கீரை சாப்பிட்டா?"*

தசை நன்றாகவே வேலை செய்கிறது என்று மேலே பார்த்தோம். பயிற்சியால் வில்லை இளகாது. கீரையும் பப்பாளியும் குடும்பத்தில் எல்லோருக்கும் நல்லது. பிள்ளைகளுக்கு மாலைக்கண் வராமல் காக்கும். ஆனால் வெள்ளெழுத்தை மாற்றாது.

*"தாய்ப்பால், இலைச்சாறு, தேன் விடலாமா?"*

வேண்டவே வேண்டாம். இவற்றால் வெள்ளெழுத்து போகாது. கிருமி புகுந்து கருவிழியில் புண் வந்தால், இருக்கும் பார்வையும் போய்விடும்.

*"சொட்டு மருந்து வந்திருக்குதாமே?"*

கண்பாவையைச் சுருக்கிச் சில மணி நேரம் கிட்டப்பார்வை தரும் சொட்டு மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அது வில்லையை இளக்குவதல்ல. எல்லோர் கண்ணுக்கும் ஏற்றதும் அல்ல. கண் மருத்துவர் சொல்லாமல் எந்தச் சொட்டும் விடாதீர்கள்.

*"அவரு கண்ணாடியையே நானும் போட்டுக்கலாமா?"*

ஆபத்தில்லை, ஆனால் அவர் பவர் உங்களுக்குப் பொருந்த வேண்டுமே! பொருந்தாவிட்டால் தலைவலியும் கண்வலியும்தான் மிச்சம். தவிர, அவர் கண்ணாடியோடு வயலுக்குப் போய்விட்டால் நீங்கள் அரிசியில் கல் பொறுக்குவது எப்படி? ஆளுக்கு ஒன்று வேண்டும்.

*"சந்தையில விக்கிற கண்ணாடி போதாதா?"*

இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்து, வேறு குறையும் இல்லை என்றால் சாதாரணப் படிப்புக் கண்ணாடி போதும். ஆனால் குறை இல்லை என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். முதலில் பரிசோதனை, பிறகு கண்ணாடி.

ஒன்றை மறவாதீர்கள். படிப்புக் கண்ணாடியோடு நடக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். தூரம் கலங்கும். வரப்பில் கால் இடறும்.

கண்ணாடியும் கூலியும்

அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களிடையே 2017இல் ஓர் ஆய்வு நடந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கிட்டப்பார்வைக் குறை. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பின் கொடுத்தார்கள். பறித்த இலையை நாள்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். பருவத்தில் இலை பெருகப் பெருக இரு தரப்பாரும் கூடுதலாகத்தான் பறித்தார்கள். ஆனால் கண்ணாடி போட்டவர்களின் அதிகரிப்பு, மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் இருந்தது. அதாவது ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல்.

மருந்து இல்லை, அறுவை இல்லை. ஒரு சாதாரணக் கண்ணாடிதான். உலகத்தில் 80 கோடிக்கு மேற்பட்டோர் இந்தச் சாதாரணக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் கலங்கிய பார்வையோடு இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கூலி மட்டுமா? தாத்தாவின் இரத்தக்கொதிப்பு மாத்திரை எது, பாட்டியின் சர்க்கரை மாத்திரை எது? பேரப்பிள்ளைக்கு டாக்டர் எழுதியது ஐந்து சொட்டா, பதினைந்து சொட்டா? சங்கக் கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவு என்று போட்டிருக்கிறது? இவை குத்துமதிப்பாகப் பார்க்கும் விஷயங்கள் அல்ல.

எது வெள்ளெழுத்து அல்ல?

கீழ்க்கண்டவை இருந்தால் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்:

• தூரத்தில் இருப்பதும் புகைபோலத் தெரிவது
• விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது
• கண் சிவந்து வலிப்பது
• திடீரென்று பார்வை குறைவது, மின்னல் அடிப்பது, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைவது
• கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டி வருவது
• பல வருஷம் கண்ணாடி போட்டவருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிவது

கடைசியாகச் சொன்னதைப் பார்த்து, "எங்க அம்மாவுக்கு இளமைப் பார்வை திரும்பிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கண்புரை தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கண்புரைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. காலத்தில் காட்ட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமல் பார்வையைத் தின்னும். 40 வயதில் கண்ணாடிக்காகப் போகும்போதே அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவர் கண்ணுக்கு ஒருவர் காவல்

வெள்ளெழுத்து வந்தவர் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. "கிழவனாயிட்டான்னு சிரிப்பாங்க" என்று ஆண்கள் மறைக்கிறார்கள். "எனக்கென்ன, நான் என்ன படிக்கவா போறேன்" என்று பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். படிக்காவிட்டால் என்ன? பிள்ளை காலில் முள் எடுப்பதற்கும், பூத்தொடுப்பதற்கும், கீரையில் புழு பார்ப்பதற்கும், தலையில் பேன் பார்ப்பதற்கும் கண் வேண்டாமா?

ஆகவே கணவரே, உங்கள் மனைவி ஊசியைப் பிள்ளையிடம் கொடுத்து நூல் கோக்கச் சொன்னால் கவனியுங்கள். மனைவியே, உங்கள் கணவர் கைபேசியைத் தள்ளிப் பிடித்தால், மருந்துச் சீட்டைப் படிக்காமல் மடித்து வைத்தால் கவனியுங்கள். கேலி பேசாதீர்கள். "வாங்க, ரெண்டு பேரும் ஒருநாள் போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண் மருத்துவ உதவியாளர் எந்த நாளில் வருவார், கண் முகாம் எப்போது நடக்கும், அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எப்போது போகலாம் என்று சொல்வார்கள். கண்ணாடி இலவசமாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

நாம் தொடக்கத்தில் பார்த்த தம்பதியர் ஒரு முகாமுக்குப் போய் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒன்றரை பவர், மனைவிக்கு ஒன்று. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூச்சிமருந்து பாட்டிலை எடுக்கிறார். சீட்டைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இத்தனை நாளா ரெண்டு மடங்கு ஊத்தியிருக்கேன்."

மனைவி பதில் சொல்லவில்லை. ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். நூல் முதல் தடவையிலேயே காதுக்குள் போகிறது.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு? 40 வயது நிறைந்ததும் தம்பதியர் இருவரும் சேர்ந்து போய்க் கண்ணைக் காட்டுங்கள்.